திருப்பி வைத்த ஊசி

ஜனவரி 6, திங்கள்

லேபுக்குப் பக்கத்தில் போன ஜூனிலிருந்து புது விடுதி கட்டுகிறார்கள். அஸ்திவாரத்துக்குத் தூண் இறக்கும் இயந்திரம் காலையிலேயே தொம் தொம் என்று ஆரம்பித்துவிடும். காந்தத்தைப் படமெடுக்கும் எங்கள் கருவிக்கோ மேசையில் யாராவது டம்ளரை வைத்தாலே ஆகாது. ஒவ்வோர் இடிக்கும் படத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு விழும். கொத்தனார்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில்தான் நான் காந்தம் பார்க்க முடியும். இவ்வளவு இயற்பியல் படித்துவிட்டு, மேஸ்திரி எப்போது தூக்குச்சட்டியைத் திறப்பார் என்று சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று ராஜாவின் தீசிஸுக்கு வெளித்தேர்வாளர் அறிக்கை வந்தது. ராஜா என்றால் இசக்கிராஜா. என் லேப்காரன், என் புருஷன். லேபில் அவனை 'நீ' என்பேன், வீட்டில் 'நீங்க' என்பேன். அவன் அம்மா, என் அத்தை போட்ட சட்டம். அறிக்கையில் ஏகப்பட்ட புகழ்ச்சி, கடைசியில் ஒரே ஒரு கேள்வி: 'ஊசியின் காந்தத்தைத் திருப்பி வைத்து மறுபடி படம் எடுத்தீர்களா? வைவாவில் காட்டவும்.'

நியாயமான கேள்வி. எங்கள் கருவியில் கண்ணே கிடையாது, ஊசிதான். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அகலமுள்ள சங்கதிகளை அது தடவிப் பார்த்துச் சொல்லும். அதன் நுனியில் காந்தம் பூசியிருக்கும். முதல் நடையில் சாம்பிளின் மேடுபள்ளத்தைத் தொட்டுக்கொண்டு போகும். இரண்டாம் நடையில் சற்றே தூக்கிக்கொண்டு அதே பாதையில் போகும். அப்போது அதை எது இழுக்கிறதோ அது காந்தம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் மின்சாரம் தேங்கிய அழுக்கும் அப்படித்தான் இழுக்கும். பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஊசியின் வடக்கைத் தெற்காக்கிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். காந்தமாக இருந்தால் கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். அழுக்காக இருந்தால் படம் மாறாது.

ராஜா கண்டுபிடித்தது காந்தச் சுழிகள், படத்தில் குட்டிக் குட்டிக் கறுப்பு வட்டங்கள். சாதாரண அறை வெப்பத்திலேயே நிற்கும் சுழிகள் என்று கட்டுரை வந்து, துறையே கேக் வெட்டியது. அந்தப் படங்களை அவன் ஆகஸ்டில் எடுத்தான். நான் அப்போது மாடிப்படியில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

"ஏட்டி, நீயே எடுத்துக் குடுத்துரு. ஒன் கைக்குத்தான் அந்த மெஷின் படியும்" என்றான். பெருமையாகத்தான் இருந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அத்தை வீட்டில். பால் பொங்கியது, எல்லோரும் கூவினோம். கரும்பு கடிக்கும்போது சக்கை உதட்டைக் கிழித்துவிட்டது. இந்தக் கரும்பு நேற்றே கிழித்துவிட்டது என்பதை அத்தை கவனிக்கவில்லை. கவனிக்காமல் மஞ்சள் மட்டும் குழைத்துக் கொடுத்தாள்.

"அடுத்த பொங்கலுக்காவது மடியில ஒண்ணு கெடக்கணும், பாத்துக்கோ" என்றாள். சரி அத்தை என்றேன். வேறு என்ன சொல்ல. அடுப்பில் இருந்த பானையை எடுத்துத் தலையில் கவிழ்க்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது. யார் தலையில் என்று யோசிப்பதற்குள் பொங்கல் அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 21, செவ்வாய்

மேஸ்திரி சாப்பிடப் போனார். நான் ஊசியைக் காந்தக் கட்டியின் எதிர்முனையில் காட்டித் திருப்பினேன். திரும்பிவிட்டதா என்று பழைய ஹார்ட் டிஸ்க் துண்டில் முதலில் பார்த்தேன். கறுப்புப் பட்டையெல்லாம் அழகாக வெள்ளையாகியிருந்தது. பிறகு ராஜாவின் சாம்பிளை வைத்தேன்.

சுழிகள் வந்தன. அதே இடம், அதே கறுப்பு. மாறவே இல்லை.

வேறு ஊசி போட்டேன், அதையும் திருப்பினேன். அப்படியே இருந்தது. கட்டுரையில் இரண்டாவது பெயர் என்னுடையது.

சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னேன். "ஏங்க, அது திரும்பலை."

"எது?"

"சுழி. ஊசியைத் திருப்பினாலும் கறுப்பாவே நிக்குது. காந்தம் இல்ல போல."

ஜனவரி 22, புதன்

குளியலறையில் வழுக்கிவிட்டது. லேபுக்குப் போகவில்லை.

ஜனவரி 27, திங்கள்

இன்னொரு சோதனை பாக்கி இருந்தது. ஊசிக்குக் கொஞ்சம் மின்னழுத்தம் கொடுத்து, அழுக்கின் மின்சாரத்தைச் சமன் செய்து பார்ப்பது. காந்தமாக இருந்தால் அது இதற்கெல்லாம் அசையாது. கொடுத்தேன். சுழிகள் ஒவ்வொன்றாக மங்கி, இல்லாமலே போயின. உலகத்தையே புரட்டப்போன கண்டுபிடிப்பு, ஒரு குமிழைத் திருகியதும் காணாமல் போய்விட்டது. சிரிப்பு வந்தது. விலா வலித்ததால் நிறுத்திக்கொண்டேன்.

பொன்னுத்துரை சாரிடம் போனேன். எங்கள் கைடு. கோபமே வராத மனுஷர், ஞாயிறு தவறாமல் கோயிலில் பாடுகிறவர். படங்களைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்துவிட்டது.

"ஆவுடை, இது ஒரு சாம்பிள்தானம்மா? பழசாயிருக்கும். துரு ஏறியிருக்கும்."

"மூணு சாம்பிள் பாத்துட்டேன் சார்."

"வைவா முடியட்டும். பெரிய புராஜெக்ட் ஒண்ணு கையெழுத்தாகப் போகுது, இந்த நேரத்துல வேண்டாம். ராஜாட்ட நான் பேசிக்கிடுதேன்."

பேசாதீர்கள் சார், தயவுசெய்து அவனிடம் பேசாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? நன்றி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 29, புதன்

இடது கை எழுத்து. பீரோ கதவில் வலது கை விரல் மாட்டிவிட்டது. இரண்டு விரல்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்னும் இடது கைதான். கட்டு பிரிக்க மூன்று வாரம் ஆகுமாம். ஊசியைத் தொடக்கூட முடியாது.

ராஜா என் தலையை அலசிவிடுகிறான், சோறு பிசைந்து ஊட்டுகிறான். நேற்று ரசம் வைத்தான், நன்றாகவே இருந்தது. "இந்தக் கைதான எனக்கு எல்லாம்" என்று கட்டின் மேல் முத்தம் கொடுத்து அழுதான். நானும் அழுதேன். நான் அந்த நேரம் பார்த்து வாயைத் திறந்திருக்கக்கூடாது, சாரிடம் போயிருக்கக்கூடாது, பீரோ பக்கத்தில் நின்றிருக்கக்கூடாது. பீரோ தானாகச் சாத்திக்கொள்ளாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 12, புதன்

ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தேன். போன வாரம் வெள்ளிவரை வாய் திறக்கவில்லை. எதிர்த்துப் பேசுவதால்தான் அடிக்கிறான் என்று அத்தை சொல்கிறாள், அவனும் சொல்கிறான். சரி, பேசாமல் இருந்து பார்ப்போம் என்று இருந்தேன். வெள்ளிக்கிழமை, 'என்னட்டி ஊமைக் கோட்டான் மாதிரி இருக்க, திமிரா?' என்று அடித்தான். சனி, ஞாயிறு சிரித்துப் பேசினேன். 'என்ன இளிப்பு' என்று அடித்தான்.

வைவா கவலை, அதனால்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். நேற்று ஒரு கல்லூரியிலிருந்து அவனுக்கு உதவிப் பேராசிரியர் வேலை உறுதி என்று போன் வந்தது. பட்டம் கையில் வந்ததும் சேரலாம். பரோட்டாப் பொட்டலத்தோடு குதித்துக்கொண்டு வந்தான், என்னைத் தூக்கிச் சுற்றினான். சால்னாப் பையை அவிழ்க்க ஒரு கையால் திண்டாடினேன், கொஞ்சம் சிந்திவிட்டது. காதோடு சேர்த்து அறைந்தான். இன்றும் அந்தக் காதில் ரீங்காரம் நிற்கவில்லை.

பேசினாலும் அடி, பேசாவிட்டாலும் அடி. தோல்வி என்றாலும் அடி, வேலை கிடைத்தாலும் அடி. என்னை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அதே படம்தான் வருகிறது. அப்படியானால் காரணம் நான் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருஷக் கல்யாணம் ஆகியிருக்கிறது, நான் பெரிய ஆராய்ச்சிக்காரி.

அடித்தான். எழுதிவிட்டேன். அவன் அடித்தான், அடிக்கிறான். கரும்பு இல்லை, குளியலறை இல்லை, பீரோவும் இல்லை. என் கையைப் பீரோவுக்குள் பிடித்து வைத்துக் கதவைக் காலால் உதைத்துச் சாத்தினான்.

பிப்ரவரி 20, வியாழன்

ராஜா மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனான். வைவாவுக்கான படங்கள். இடப்பக்கம் ஆகஸ்டில் எடுத்த சுழிகள், கறுப்பாக. வலப்பக்கம் 'ஊசியைத் திருப்பிய பின்' என்று தலைப்பிட்டு அதே சுழிகள், வெள்ளையாக.

எப்போது எடுத்தான்? எடுக்கவே இல்லை. ஆகஸ்ட் படத்தில் கட்டட இடிக் கோடுகள் ஏழெட்டு வெள்ளையாகக் குறுக்கே ஓடுகின்றன. வலப்பக்கப் படத்திலும் அதே வரிசையில் அதே கோடுகள், ஆனால் கறுப்பாக. தூண் இறக்கும் இயந்திரத்துக்கு வடக்கு ஏது, தெற்கு ஏது? ஊசியை எப்படித் திருப்பினாலும் அதன் கோடு வெள்ளையாகத்தான் விழும். மறுபடி எடுத்திருந்தால் வேறு வரிசையில் விழும். பழைய படத்தின் நிறத்தைக் கணினியில் தலைகீழாக்கிவிட்டான். திருடத் தெரிந்தவன் கோட்டை அழிக்கத் தெரியாமல் விட்டுவிட்டான்.

கோபம் என்றால் இப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததே இல்லை. என் விரலை உடைத்ததற்குக்கூட வரவில்லை. அவன் கையை லேபிலுள்ள வெற்றிடப் பம்பின் பெல்ட்டுக்குள் கொடுத்துச் சுற்றவிட வேண்டும் போல இருந்தது. ஒவ்வொரு விரலாக.

கடையிலிருந்து வந்தான். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

நிஷா வந்தாள். ரஹ்மத் நிஷா, லேபில் எனக்கு அடுத்து சேர்ந்தவள். ராஜா வைவா சாப்பாட்டுக்கு ஆள் பேசப் போயிருந்தான். காபி குடித்துவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"அக்கா, ஆகஸ்ட்ல நீங்க மாடிப்படியில விழுந்தீங்கள்லா?"

"ஆமா."

"ஒங்க வீட்ல மாடியே இல்லியேக்கா."

காபித் தம்ளரைக் கழுவப் போய்விட்டேன். பின்னாலேயே வந்து முதுகில் கை வைத்தாள். வலித்தது, கையை எடுத்துவிட்டாள். வேறு ஒன்றும் கேட்காமல் பாத்திரம் முழுவதையும் துலக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் போனபிறகு உட்கார்ந்து எழுதுகிறேன், கட்டுப் பிரித்த விரல்களால். ஆகஸ்ட் ஒன்பது, காலை. டிபன் கட்டத் தாமதம். கீழே தள்ளினான், அப்புறம் உதைத்தான். எங்கே உதைக்கிறோம் என்று தெரிந்துதான் உதைத்தான், ஏனென்றால் நான் இரண்டு கையாலும் அந்த இடத்தைத்தான் மூடிக்கொண்டிருந்தேன். மூன்று மாசம். யாரிடமும் இன்னும் சொல்லியிருக்கவில்லை, அத்தையிடம் மட்டும்தான். டாக்டரம்மா எப்படி என்று கேட்டார், படியில் விழுந்தேன் என்றேன். ராஜா என் தலைமாட்டில் நின்று ஆமாம் என்றான்.

அந்தச் சுழிப் படங்களின் கோப்புத் தேதியைப் போன வாரம் பார்த்தேன். ஆகஸ்ட் ஒன்பது, மதியம். என்னை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு, கொத்தனார்கள் இடித்துக்கொண்டிருக்கும்போதே போய் உட்கார்ந்து படம் எடுத்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் அவசரத்தில் ஊசியைத் திருப்பிப் பார்க்க அவனுக்கு நேரம் இல்லை. நேரம் இல்லாமல் போன காரணத்தைக் கழுவித் துடைத்து, பழைய துணியில் சுற்றிக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஐயோ, என் பிள்ளையே.

மார்ச் 11, செவ்வாய்

வைவா வெள்ளிக்கிழமை. எங்கள் பக்கத்தில் வைவா என்றால் பாதி கல்யாணம். பொன்னாடை, சாப்பாடு, சொந்தக்காரர்கள் பட்டுப்புடவை. வெளித்தேர்வாளர் கேட்டு முடித்தபிறகு, 'பார்வையாளர்கள் யாரும் கேட்கலாம்' என்று அறிவிப்பார்கள். எல்லோர் முன்னாலும் நடக்கும் வாய்மொழித் தேர்வு என்பதால் அது விதி. யாரும் கேட்காவிட்டால் அசிங்கம், தெரியாததைக் கேட்டால் ஆபத்து. அதனால் ஸ்காலர்கள் முன்னாடியே கேள்விகளைப் பங்குபோட்டுக் கொடுத்துவிடுவது வழக்கம். பதிலும் தயாராக இருக்கும்.

ராஜா பங்கு போட்டான். நிஷாவுக்கு சாம்பிள் எப்படிச் செய்தீர்கள். இன்னொருவனுக்கு அடுத்த கட்ட ஆராய்ச்சி.

"ஒனக்கு ஈசியானது வச்சிருக்கேன். இந்த ஆய்வால சமுதாயத்துக்கு என்ன பிரயோஜனம்? அவ்வளவுதான். பொண்டாட்டியே எந்திரிச்சு கேட்டா சபைக்கு நல்லாருக்கும். நல்ல சேலை கட்டிட்டு வா. கழுத்து வரைக்கும் மூடின ஜாக்கெட்டு போடு."

"சரிங்க" என்றேன்.

மார்ச் 13, வியாழன்

பயமாக இருக்கிறது. சாம்பார்ப் பொடி தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

மார்ச் 15, சனி

ஆஸ்பத்திரிக் கட்டில். நிஷா இந்த நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். தாடையில் பத்துத் தையல், முன்பல் ஒன்று இல்லை. தலை சுற்றுகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

கருத்தரங்குக் கூடம் நிறைந்திருந்தது. அத்தை அரக்குப் பட்டில் முன்வரிசை. ராஜா கோட்டு போட்டிருந்தான், நன்றாகத்தான் பேசினான். வெள்ளைச் சுழிகள் திரையில் வந்தபோது வெளித்தேர்வாளர் அம்மாள் தலையாட்டி ஏதோ குறித்துக்கொண்டார். பொன்னுத்துரை சார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, பார்வையாளர்கள் கேட்கலாம் என்றார்.

நிஷா கேட்டாள். இன்னொருவன் கேட்டான். நான் கையைத் தூக்கினேன். ராஜா சிரித்தான், "யெஸ், மேடம்" என்றான். கூடமே சிரித்தது.

எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. நானும் ஆங்கிலத்தில்தான் கேட்டேன்.

"ஊசியைத் திருப்பும் முன் எடுத்த படத்தில் குறுக்கே வெள்ளைக் கோடுகள் இருக்கின்றன. அவை பக்கத்துக் கட்டட வேலையின் அதிர்வு. திருப்பிய பின் எடுத்த படத்தில் அதே வரிசையில் அதே கோடுகள் கறுப்பாக இருக்கின்றன. கட்டட அதிர்வுக்கும் வடக்கு தெற்கு உண்டா?"

"வெரி குட் கொஸ்டின்" என்று தொடங்கிவிட்டான், மனப்பாடம் செய்த வாய் முந்திக்கொண்டது. "இந்த ஆய்வு சமுதாயத்துக்கு..." என்றவன் அங்கேயே நின்றுவிட்டான்.

வெளித்தேர்வாளர் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அந்தப் படங்களை மறுபடி போடுங்கள்" என்றார். ராஜா போடவில்லை. அவரே எழுந்துபோய்ப் பொத்தானை அழுத்தினார். திரைக்குப் பக்கத்தில் போய்க் கோடுகளை விரலால் தொட்டு எண்ணினார். "மூலக் கோப்பைத் திறக்க முடியுமா?" என்றார்.

"நான் ஊசியைத் திருப்பி எடுத்த கோப்புகள் லேப் கணினியில் இருக்கின்றன. படம் மாறவில்லை. சாருக்கும் தெரியும்" என்றேன். சார் மேசையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

ராஜா மேடையிலிருந்து இறங்கினான். ஓடவில்லை, நடந்து வந்தான். எனக்கு அந்த நடை தெரியும். வீட்டில் அடுப்படிக்கு அப்படித்தான் வருவான். கூடத்தில் அத்தனை பேர் இருப்பது அவனுக்கு மறந்துவிட்டது. என் கொண்டையைப் பிடித்து, முன்னால் இருந்த டெஸ்கின் விளிம்பில் முகத்தை இடித்தான். பல் போனது முதல் இடியிலேயே. இரண்டாவதில் தாடை கிழிந்தது. என் ரத்தம் அத்தையின் பட்டில் தெறித்ததைப் பார்த்தேன்.

அத்தை கத்தினாள். "ஏல, விடுல! எல்லாரும் பாக்காவல்லா! வீட்ல வச்சு கேட்டுக்கிடலாம்!"

நிஷா அவன் முழங்கையைக் கடித்துத் தொங்கினாள். அவளை உதறிக் கீழே தள்ளி வயிற்றை நோக்கிக் காலைத் தூக்கினான். அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனதோ, மேசையிலிருந்த எவர்சில்வர் தண்ணீர்க் கூஜாவை எடுத்து அவன் முட்டியில் ஓங்கி அடித்தேன். இரண்டு கையாலும், உடைந்து ஒட்டிய விரல்களாலும். விழுந்தான். அதற்குப் பிறகுதான் கூடத்தில் இருந்த ஆம்பிளைகளுக்குக் கை கால் வந்தது, நாலு பேர் அவன்மேல் ஏறி உட்கார்ந்தார்கள்.

இன்று காலை பொன்னுத்துரை சார் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். உட்காரவில்லை.

"ஏதோ டென்ஷன்ல செஞ்சிட்டான்மா. நல்ல பையன், படிச்சவன். அவுங்க அம்மா வெளியில அழுதுக்கிட்டு நிக்காங்க. டெஸ்க் தட்டி விழுந்துட்டேன்னு சொல்லிட்டா போலீசு, கேசு எல்லாம் இல்லாம முடிச்சிரலாம். ஒன் தீசிஸையும் நான் பாத்துக்கிடுதேன்."

"சார், கூடத்துல எத்தன பேர் இருந்தாங்க?" என்றேன். பல் இல்லாததால் பேச்சு புஸ் புஸ் என்று வந்தது.

அவர் ஆப்பிளை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மதியம் ஒரு பெண் எஸ்.ஐ. வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, களைத்த குரலில், எல்லோரிடமும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"எப்படிம்மா அடிபட்டுச்சு? விழுந்தியா?"

"நான் எங்கயும் விழலை. எம் புருஷன் அடிச்சான். பேரு இசக்கிராஜா."

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "நேத்து நடந்ததுதான?"

"நேத்துல இருந்து எழுதாதீங்க மேடம்" என்றேன். "ஆகஸ்ட் ஒம்பதுல இருந்து எழுதுங்க. அன்னைக்கு இவன் ஒரு உசுர எடுத்தான்."

நிஷா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எஸ்.ஐ. புதிதாக ஒரு தாளை எடுத்தார். நான் முதலிலிருந்து சொன்னேன்.